வெளிநாட்டு நிவாரண மருத்துவப் பணி: போகும்முன் பேச வேண்டியது, வந்தபின் தள்ளிப்போட வேண்டியது

மதுரையிலிருந்து தெற்கு சூடான் மாதிரி இடங்களுக்குக் கிளம்பும் டாக்டர்களும் நர்ஸ்களும் விசா, தடுப்பூசி எல்லாம் கணக்காகப் பார்ப்பார்கள். வீட்டோடு பேசும் ஏற்பாட்டில்தான் கோட்டை விடுவார்கள். "தினமும் போன் பண்றேம்மா" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு நாள் டவர் போனால் இங்கே அழுகை, அங்கே உங்களுக்குக் குற்ற உணர்வு. வாரம் 2 நாள், 15 நிமிடம் போதும். தெற்கு சூடான் தலைநகர் ஜூபாவில் மாலை 5 மணி என்றால் இங்கே இரவு 8.30. அடுத்தடுத்து 2 அழைப்பு தவறினால் மட்டும் கூப்பிடச் சொல்லி, நிறுவனத்தின் அவசர எண்ணைக் காலண்டரில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்.

மலேரியா தடுப்புக்கு மெஃப்ளோகுயின் தருகிறார்களா? மனச்சோர்வு, பதற்றம், வலிப்பு முன்பு இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படி இருந்தவர்களுக்கு இது ஆகாது. கெட்ட கனவு, காரணமில்லாத பயம் இந்த மாத்திரையாலும் வரும். அதை மனத்திடக் குறைவு என்று நினைத்து அடக்கிக்கொள்பவர்கள் உண்டு. நீங்களாக நிறுத்தாமல், மருத்துவ அதிகாரியிடம் சொல்லி டாக்சிசைக்ளின் போன்ற வேறு மருந்துக்கு மாறுங்கள்.

அங்கே ஆளை அரிப்பது பெரும்பாலும் "காப்பாற்றியிருக்கலாமோ" என்ற கேள்விதான். பெரியாஸ்பத்திரி வசதியில் பழகிய கைக்குக் கூடார வார்டு அப்படி. ஷிப்ட் முடிந்ததும் நோட்டில் நடுவே கோடு கிழியுங்கள். இடப்பக்கம் கையில் இருந்தது: ரத்தம் 1 யூனிட், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் 1. வலப்பக்கம் தேவைப்பட்டது: ரத்தம் 4 யூனிட், வெண்டிலேட்டர். நோயாளி பெயர் வேண்டாம். எண்ணாக எழுதினால்தான் குறை உங்கள் கையிலா, அலமாரியிலா என்று தெரியும். உங்கள் தவறும் இருந்தால் அதையும் ஒரு வரியில் எழுதி, மறுநாள் சீனியரிடம் பேசுங்கள். ராத்திரி தனியாகக் கிளற வேண்டாம்.

ஊர் வந்ததும் 2 வாரம் டியூட்டி ஒத்துக்கொள்ளாதீர்கள். காதுகுத்து, கிடாவெட்டு என்று இழுப்பார்கள், தள்ளிப்போடுங்கள். கேத வீட்டு வேட்டுச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடும். தெருவில் கேதம் என்றால் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டவைக்கும் கூட்டம் உதவாது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. மருந்துக்கடை தெரிந்தவர்கள்தானே என்று பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையை வாங்கிப் போடுவதும் கூடாது.

ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி திரும்பத் திரும்ப வந்தால், தூக்கம் கெட்டால், மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகத் தோன்றினால் அன்றைக்கே. அரசின் மனநல உதவி எண் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். காய்ச்சல் வந்தால் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லி, அன்றே மலேரியா ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.