கிருபைக்குக் கடன் கொப்பி எதற்கு?

வன்னியின் கிறிஸ்தவ மரண வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அவர் செய்த நன்மைக்கு நேரே மோட்சத்துக்குத்தான் போயிருப்பார்." ஆறுதலுக்குச் சொல்வதை யாரும் பிடித்துத் திருத்தத் தேவையில்லை. ஆனால் அதே நினைப்பு உயிரோடிருப்பவர்களின் தலையில் ஏறினால்தான் வினை.

மீட்பு கிருபையினால், விசுவாசத்தின் வழியாக வருகிறது. அது கடவுளின் ஈவு. ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு அது கிரியைகளால், அதாவது நம் செயல்களால், வந்ததல்ல என்கிறது பவுலின் எபேசியர் நிருபம் (2:8-9). இதை மனப்பாடமாகச் சொல்பவர்களே சந்திக் கடையின் கடன் கொப்பிபோல வரவும் பற்றும் எழுதிக்கொண்டிருப்பதுதான் அடிப்படைத் தவறு.

அதன் கொடிய வடிவம், விசுவாசத்தையே ஒரு கிரியையாக்குவது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களுடன் தாய்மார் அமர்ந்தார்கள். அப்படி ஒரு தாயிடம் போய், "உங்கள் விசுவாசம் போதாது, இன்னும் உபவாசம் இருங்கள்" என்று சொல்வது போதனையா? விசுவாசம் நாம் கட்டும் விலையன்று. மகன் திரும்பி வருவதற்கும் தாயின் மீட்புக்கும் முடிச்சுப் போடுபவர், இழந்தவளையே குற்றவாளியாக்குகிறார்.

சாட்சி சொல்லும்போதும் நாக்குத் தவறும். "ஜெபித்தோம், அதனால் ஷெல்லுக்குத் தப்பினோம்" என்பார்கள். முள்ளிவாய்க்காலில் அடுத்த பதுங்குகுழியில் இறந்தவர்களும் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13:4-5). தப்பியவர் நன்றி சொல்லட்டும். காரணம் சொல்ல வேண்டாம்.

மடு மாதா கோயிலுக்கு நடந்துபோகும் நேர்த்தியைக் காட்டி, "கத்தோலிக்கர் கிரியையால் மீட்பு என்கிறார்கள்" என்று கைகாட்டுவதும் தவறு. நேர்த்தியைப் பேரமாக நினைத்து நடப்பவர் உண்டு, மறுக்கவில்லை. அது திருச்சபையின் போதனையன்று. கடவுளுக்கு ஏற்புடையவராக்கப்படும் அருளை, அதற்கு முன்வரும் விசுவாசமோ செயலோ சம்பாதிப்பதில்லை என்று 1547இலேயே கத்தோலிக்க ஆயர்களின் திரிதெந்து சங்கம் எழுதிவைத்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் சம்மேளனமும் இதுபற்றிக் கூட்டுப் பிரகடனத்தில் ஒப்பமிட்டன. 2006இல் உலக மெதடிஸ்த மன்றமும் அதில் இணைந்தது. வேறுபாடுகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் பல நூற்றாண்டுப் பழைய வசையை இன்றும் மேடையில் முழங்குவது சோம்பேறித்தனம்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் இருக்கிறது: கிருபைதானே, இனி எதுவும் செய்ய வேண்டாம் என்பது. அதே எபேசியர் நிருபத்தின் அடுத்த வசனமே, நற்கிரியைகளுக்காக நாம் படைக்கப்பட்டோம் என்கிறது. உடையும் உணவும் இல்லாதவரைச் "சமாதானத்தோடே போங்கள்" என்று வெறுங்கையாய் அனுப்பும் விசுவாசத்தைத்தான் யாக்கோபு தம் நிருபத்தில் செத்தது என்கிறார். கிருபை இலவசம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு, ஆராதனைக்கு வந்தவர்களின் பெயரை மட்டும் உலர் உணவுப் பட்டியலில் எழுதுகிறவர்களுக்குப் பவுலும் துணைக்கு வரமாட்டார், யாக்கோபும் வரமாட்டார்.