புங்கெண்ணெய் சோப்பு: என் கைக்கணக்கு

கொல்லைப் புங்கமரத்துக் காயை உடைத்து, பருப்பைச் செக்கில் கொடுத்தால் நாலு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கிறது. கசப்பு, சமையலுக்கு ஆகாது. அந்தக் காலத்தில் விளக்குக்கு ஊற்றினார்கள். நான் சோப்பு போடுகிறேன்.

புங்கெண்ணெய் 200 கிராம், தேங்காய் எண்ணெய் 300 கிராம், காஸ்டிக் சோடா 75 கிராம், தண்ணீர் 170 கிராம். எல்லாமே தராசில்தான், கண்ணளவு கூடாது. புங்கெண்ணெய் மட்டும் போட்டால் கட்டி கொழகொழவென்று இருக்கும், நுரையும் வராது.

கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பாத்திரம் எவர்சில்வர்தான். முதல் தடவை அலுமினியச் சட்டியில் கலக்கினேன். பொங்கிக் கருத்து சட்டியே பாழ்.

கரைசலும் எண்ணெயும் வெதுவெதுப்பாக ஆறியதும் கரைசலை எண்ணெயில் ஊற்றிக் கலக்குங்கள். கரண்டியைத் தூக்கினால் சொட்டுவது, இட்லி மாவு போல மேலேயே கோடாக நிற்க வேண்டும். அப்புறம் அச்சில் ஊற்றி, மறுநாளோ அதற்கு மறுநாளோ கையுறையோடு வெட்டி, நிழலில் ஆறு வாரம் காய வையுங்கள். புங்க வாடை கொஞ்சம் இருக்கும். எனக்குப் பழகிவிட்டது, மருமகளுக்கு இன்னும் இல்லை.