நானோ துகள்களும் புற்றுநோயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நானோ மருந்து, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களாகத் தரும் மருந்து, புற்றுநோய்க் கட்டியைத் தானே தேடிப்போய் அழிக்கும் என்று நம்புவதுதான் பெரிய தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. துகளுக்குத் தேடத் தெரியாது. ரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும். கட்டிக்குள் தாறுமாறாக வளர்ந்த ரத்தக் குழாய்களின் சுவரில் இடைவெளிகள் உண்டு. அவற்றின் வழியே துகள்கள் கசிந்து அங்கேயே தங்கும் என்பதை 1986-ல் ஜப்பானின் மாட்சுமுராவும் மயேடாவும் விளக்கினார்கள். ஆனால் எல்லாக் கட்டியும் ஒரே மாதிரி கசிவதில்லை. துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. விலங்குச் சோதனைகளைத் தொகுத்து 2016-ல் வந்த அலசல் ஒன்றில், உடலில் செலுத்திய துகள்களில் கட்டியைச் சேர்ந்த பங்கின் இடைநிலை மதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) வெறும் 0.7 சதவீதம். துகளின் மேல் ஆன்டிபாடியை (குறிப்பிட்ட இலக்கைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை) ஒட்டினாலும், முதலில் கட்டி வரை போய்ச் சேர்ந்தால்தான் அது செல்லைப் பற்றும். எலியில் கட்டி கரைந்தது என்ற செய்தியைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

சரி, அப்படியானால் பயனே இல்லையா? இருக்கிறது. டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தைக் கொழுப்பு உறைக்குள் அடைத்த டாக்சில் 1995-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சாதாரண டாக்சோரூபிசினால் இதயத்துக்கு வரும் பாதிப்பை அது குறைக்கிறது. அதற்காகப் பக்கவிளைவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்: உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, வலித்து, கொப்புளம் வரலாம். வந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆபத்தான தவறு ஒன்று உண்டு. ஒரே மருந்தின் சாதாரண வடிவத்தையும் நானோ வடிவத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றாக நினைப்பது. மார்பகப் புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தரும்போது, பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தின் சாதாரண வடிவத்துக்கு வழக்கமான அளவு உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம். அதையே அல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு பிணைத்த நானோ வடிவமான அப்ராக்சேனுக்கு 260. மருத்துவமனை மாறினால், மருந்தின் முழுப்பெயர் உள்ள சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

கண்டறிவதிலும் அவசரம் கூடாது. தங்க நானோ துகள் பூசிய சோதனைப் பட்டை, ரத்தத்தில் ஒரு புரதம் இருப்பதைக் காட்டலாம். அந்தப் புரதம் வேறு காரணத்தாலும் கூடும். பெரும்பாலான கட்டிகளில், திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான் புற்றுநோயை உறுதி செய்யும்.

அப்புறம், கடையில் விற்கும் 'நானோ' சத்து மருந்துகள். டாக்சில் போன்றவை கடந்துவந்த சோதனைகளை இவை கடக்கவில்லை. வெள்ளித் துகள் கலந்த நீரைத் தொடர்ந்து குடித்தால் தோல் நிரந்தரமாக நீலச் சாம்பல் நிறமாகலாம். எதையாவது ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த கீமோவுக்கு முன் அந்தப் புட்டியையே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.