வீடியோ நிஜம், கதை பொய்

2023 மார்ச் தொடக்கத்தில் பீகார் சட்டமன்றத்தில் ஒரே அமளி. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று செல்போனுக்கு செல்போன் வீடியோ பறந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டின் அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு தானே ஒரு வீடியோவில் வந்து விளக்கினார்: ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது.

கவனியுங்கள், அடிதடி நிஜமாகவே நடந்ததுதான். கூட வந்த கதைதான் பொய். 'கண்ணால் பார்த்தேனே, எடிட் செய்த மாதிரி இல்லையே' என்று நம்புவதுதான் பெரிய தவறு. இதற்கு ஏஐ எல்லாம் வேண்டாம். பழைய வீடியோவுக்கு மேலே புதிதாக இரண்டு வரி போதும். 2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் என்று பரவிய வீடியோ, கராச்சியில் எடுத்த விழிப்புணர்வு விளம்பரம். பைக்கில் தூக்கிப்போன பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

அதனால் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கடைப் பலகையில் என்ன மொழி, வண்டியின் நம்பர் பிளேட் எந்த மாநிலம், சத்தம் வைத்தால் யார் என்ன பேசுகிறார்கள்? ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதே படம் வேறெங்கே வந்திருக்கிறது என்று தேடித்தரும் கூகுள் லென்ஸில் போட ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது, ஒரு கதையை நம்பிய பிறகு கண்ணில் படுவதையெல்லாம் அதற்குச் சாட்சியாக்குவது. அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8. பண்டிகைக்கு ஊருக்குப் போக ரயிலில் முண்டியடித்த கூட்டத்தைக் காட்டி 'பயந்து ஓடுகிறார்கள்' என்றார்கள். யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை. அரசைக் கேள்வி கேட்பது எதிர்க்கட்சியின் வேலைதான், ஆனால் நடக்காத ஒன்றுக்காக பீகார் சட்டமன்றத்தின் நேரம் போனது. உண்மை அறிய பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே இங்கே வரவேண்டியதாயிற்று.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியைப் பார்த்து 'இத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்களே' என்று நினைப்பதும் உண்டு. பல கை மாறி வந்தது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை.

மறுக்கிறேன் என்று அதே வீடியோவைத் திரும்பப் போடாதீர்கள்; பலர் வீடியோவைப் பார்ப்பார்கள், உங்கள் மறுப்பைப் படிக்க மாட்டார்கள். அப்புறம், நாலு பேர் முன்னால் திருத்தாதீர்கள். எங்கள் குடும்ப குரூப்பில் பெரியப்பா போட்ட ஒன்றைப் பொய் என்று ஆதாரத்தோடு அங்கேயே எழுதினேன். தனியாக ஒரு போன் செய்திருக்கலாம். அவர் குரூப்பை விட்டே போய்விட்டார். இப்போது தன் கட்சிக்காரர்கள் மட்டும் இருக்கும் வேறொரு குரூப்பில் இருக்கிறார். அங்கே என்ன வருகிறதென்று எனக்குத் தெரியாது.