பொழித் தகராறு: தாலுகா ஆபீஸா, கோர்ட்டா?

பக்கத்துக் காட்டுக்காரர் பொழியை (வரப்பை) வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். அல்லது, நாற்பது வருஷமாக நீங்கள் உழுகிற நிலத்துக்கு வேறொருவர் பெயரில் பட்டா ஏறிவிட்டது. சேலம் சுற்றுவட்டாரத்தில் இந்த இரண்டுக்குமே ஆட்கள் முதலில் போவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. நிலம் யாருடையது என்று சொல்லப் போலீசுக்கு அதிகாரம் கிடையாது. அடிதடி, மிரட்டல், பயிரை அழித்தல் என்று ஏதாவது நடந்திருந்தால் புகார் கொடுங்கள், சி.எஸ்.ஆர். ரசீதை (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) வாங்கிப் பத்திரமாக வையுங்கள். தகராறு எந்தத் தேதியில் தொடங்கியது என்பதற்குப் பின்னால் அது சாட்சியாகும். அதற்கு மேல் அங்கே காத்துக்கிடப்பதில் பலன் இல்லை.

அடுத்து எங்கே போவது என்பதை ஒரே கேள்வி முடிவு செய்யும்: பதிவேட்டில் தப்பா, அல்லது உங்கள் உரிமையையே எதிராளி மறுக்கிறாரா? முன்னது வருவாய்த்துறை வேலை. பின்னது சிவில் கோர்ட் வேலை. இதைப் பிரித்துப் பார்க்காமல் அலைந்தே பலர் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

முதலில் காகிதம்

வக்கீலைப் பார்க்கும் முன்பே இவற்றைச் சேர்த்துவிடுங்கள்: கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள், குறைந்தது 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று, பட்டா, 'அ' பதிவேடு (கிராமத்தின் நில விவரக் கணக்கு) நகல், அடங்கல் (சாகுபடிக் கணக்கு), புலப்படம் (சர்வே வரைபடம்), தீர்வை ரசீதுகள், மின் இணைப்பு ரசீது.

1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் பதிவேட்டுப் புதுப்பிப்பில் பெயரும் உட்பிரிவும் மாறிப்போன நிலங்கள் ஏராளம். அதனால் இப்போதைய பட்டாவோடு நிற்காமல் யுடிஆருக்கு முந்தைய பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். பழைய சர்வே எண் எந்தப் புதிய எண்ணானது என்று தெரியாமல் எழுதும் பிராது (வழக்கு மனு) நொண்டியடிக்கும்.

பரப்பளவையும் ஒத்துப் பாருங்கள். பத்திரம் ஏக்கர், சென்டில் பேசும்; பட்டா ஹெக்டேர், ஏரில் பேசும். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். பட்டாவில் 0.40.5 என்று இருந்தால் அது ஒரு ஏக்கர். இந்தக் கணக்கைப் போடாமலே "பட்டாவில் என் நிலம் குறைந்துவிட்டது" என்று மனு எழுதியவர்கள் உண்டு.

அத்து காட்டுதல்

எல்லைச் சண்டை என்றால் முதல் வேலை, தாலுகா சர்வேயரைக் கொண்டு அத்து காட்டச் சொல்லி (எல்லையை அளந்து காட்டச் சொல்லி) மனுப் போட்டுப் பணம் கட்டுவது. அளக்கும் நாளில் பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் அந்த அளவையைக் கோர்ட்டில் எளிதாக உடைத்துவிடுவார்கள்.

புலப்படத்தின் ஜெராக்ஸ் மேல் ஸ்கேலை வைத்து அளக்காதீர்கள். நகலெடுக்கும்போது படம் சுருங்கும், விரியும். கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண்ணுக்குத்தான் மதிப்பு. பழைய படத்தில் அது லிங்க்ஸில் இருக்கலாம்: 100 லிங்க்ஸ் 66 அடி.

ஏற்காட்டில் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சர்வே அளவு எப்போதும் கிடைமட்ட அளவு. காபித் தோட்டச் சரிவில் நாடாவைத் தரையோடு படுக்கவைத்து இழுத்தால் நீளம் கூடத்தான் காட்டும். சரிவு 20 பாகை இருந்தால், தரையில் 100 மீட்டர் என்பது படத்தில் 94 மீட்டர்தான். மேல் தோட்டத்துக்காரர் நாடாவால் அளந்து "எனக்கு ஆறு மீட்டர் கூடவே வருகிறது" என்பார். கீழ்த் தோட்டத்துக்காரர் "படத்துப்படி இங்கேயே முடிகிறது" என்பார். அவரவர் அளவு அவரவருக்குச் சரி, சண்டை மட்டும் மிஞ்சும். நாடாவைப் படிப்படியாக மட்டத்தில் பிடித்து அளக்கவேண்டும், இல்லையென்றால் கருவி வைத்து அளக்கவேண்டும். கல்கட்டையும் சில்வர் ஓக் வரிசையையும் எல்லை என்று அப்படியே நம்பிவிடக் கூடாது. தோட்டம் போட்டவர் வசதிக்கு வைத்த வரிசையாக அது இருக்கலாம். சர்வே கல்லைத் தேடுங்கள்.

பட்டாவில் தப்பு என்றால்

தாசில்தாரிடம் மனு. அவர் உத்தரவு பாதகமானால் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மேல்முறையீடு, அதற்கு மேல் டி.ஆர்.ஓ.விடம் (மாவட்ட வருவாய் அலுவலர்) சீராய்வு. 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ் புத்தகச் சட்டம் வகுத்த வழி இது. சேலம் மாவட்டத்தில் சேலம், ஆத்தூர், மேட்டூர், சங்ககிரி என்று நான்கு வருவாய்க் கோட்டங்கள்; ஏற்காடு தாலுகா சேலம் கோட்டத்தில் வரும்.

ஆனால் இரு தரப்பும் உரிமை கொண்டாடினால், "சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்றுதான் தாசில்தார் சொல்லவேண்டும். பட்டாவில் பெயர் ஏறுவதால் உரிமை பிறக்காது, பெயர் நீங்குவதால் உரிமை போகாது. 1996-இல் சவர்ணி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இதைத்தான். உங்கள் உரிமையை எதிராளி முதன்முதலில் மறுத்த நாளிலிருந்து விளம்புகை (உரிமை உங்களுடையது என்று கோர்ட் அறிவிப்பது) வழக்குக்கு மூன்று வருஷக் கெடு ஓடுகிறது. ஆர்.டி.ஓ. ஆபீசில் மனு கிடப்பதால் அந்தக் கெடு நிற்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

மலையில் வன நிலம் என்றால் வழியே வேறு. இந்த மலைகளில் வாழும் மலையாளி பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபவிக்கும் வன நிலத்துக்கு, 2006 வன உரிமைச் சட்டப்படி கிராம சபையில்தான் உரிமை கோரவேண்டும். அதன் தீர்மானம் பாதகமானால் 60 நாளுக்குள் உட்கோட்டக் குழுவுக்கு மனு.

கோர்ட்டில் என்ன கேட்பது

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். நிலம் உங்கள் கையில் இருக்கிறது, உரிமையில் உருப்படியான சந்தேகம் இல்லை என்றால் நிரந்தரத் தடையாணை போதும். எதிராளி கையிலும் பத்திரம் இருந்து உரிமையே கேள்விக்குறியானால், விளம்புகையும் தடையாணையும் சேர்த்துக் கேட்கவேண்டும். நிலம் கைவிட்டுப் போயிருந்தால் விளம்புகையோடு சுவாதீனமும் (நிலத்தைத் திரும்ப ஒப்படைப்பது) கேட்கவேண்டும். செலவு குறைச்சல் என்று வெறும் தடையாணை மட்டும் கேட்டு, பத்து வருஷம் நடத்தி, "உரிமை விளம்புகை கேட்கவில்லை" என்ற ஒற்றைக் காரணத்தால் தோற்கிற வழக்குகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. 2008-இல் அனாதுல சுதாகர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது.

கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் 2017-இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. சந்தை மதிப்பு 20 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்புகையும் தடையாணையும் கேட்டால் பாதி மதிப்புக்கு, அதாவது 10 லட்சத்துக்கு 30,000 ரூபாய். சுவாதீனமும் வேண்டுமென்றால் முழு மதிப்புக்கு 60,000 ரூபாய்.

வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டு ஆறு மாதம் ஆகவில்லையென்றால், தனி நிவாரணச் சட்டத்தின் 6-வது பிரிவில் வழக்குப் போடலாம். அதில் உரிமையை நிரூபிக்கத் தேவையில்லை, நிலம் உங்கள் அனுபவத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். அரசுக்கு எதிராக மட்டும் இந்தப் பிரிவு உதவாது.

பிராதின் உயிர் சொத்து விவரம். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லை, வண்டித்தடம் இருந்தால் அதன் அகலமும் போகும் திசையும் எல்லாம் வேண்டும். ஆக்கிரமிப்பு ஒரு பட்டை மட்டும் என்றால் வரைபடம் இணைத்து அந்தப் பட்டைக்குத் தனி எழுத்துக் குறி கொடுங்கள். "எனது நிலத்தின் ஒரு பகுதி" என்று எழுதி வாங்கிய டிக்ரியை (தீர்ப்பாணை) வைத்துக் கோர்ட் அமீனா எந்த இடத்தை மீட்டுக்கொடுப்பார்?

வழக்கோடே கமிஷனர் மனுவும் போடுங்கள். வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளப்பார். அவர் குறிக்கவேண்டியதை மெமோவாக முன்கூட்டியே கையில் கொடுத்துவிடவேண்டும்: சர்வே கல் இருக்கிறதா, வேலி புதிதா பழையதா, மரத்தின் வயது, புதுக் கல்கட்டு எத்தனை அடி. யார் அனுபவத்தில் நிலம் இருக்கிறது என்று அவரைச் சொல்லச் சொல்லாதீர்கள். அது சாட்சியம் மூலம் கோர்ட் முடிவு செய்வது.

உங்களுக்கே சம்மன் வந்தால், எதிருரை தாக்கல் செய்ய 30 நாள், கோர்ட் நீட்டித்தால் 90 நாள் வரை. தவறவிட்டு ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிட்டால், அதை ரத்துச் செய்ய 30 நாளுக்குள் மனுப் போடவேண்டும். யாரோ வழக்குப் போடப்போகிறார் என்று காதில் விழுந்தால் கேவியட் ('என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்ற முன்மனு) தாக்கல் செய்யுங்கள், 90 நாள் நிற்கும்.

பணமில்லை என்று விட்டுவிடவேண்டாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கவேண்டும். அண்ணன் தம்பிப் பாகத் தகராறும் தடத் தகராறும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) முடிவதே நல்லது. கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் மேல்முறையீடு கிடையாது. ஆகவே அளந்த வரைபடத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போடாமல் சமரசத்தில் ஒப்பமிடாதீர்கள்.

டிக்ரி கிடைத்த பிறகும் ஒரு வேலை மிச்சம். சான்றிட்ட நகலோடு தாசில்தாரிடம் மனுக் கொடுத்துப் பட்டாவை மாற்றி, உட்பிரிவு தேவைப்பட்டால் அளந்து, புலப்படத்தில் புதுக் கோடு விழுந்ததா என்று நகல் எடுத்துப் பாருங்கள். ஜெயித்தவர்கள் பலர் இதைச் செய்யாமல் விட்டு, பழைய பட்டாவைக் காட்டி எதிராளி நிலத்தை விற்ற பின் மறுபடி கோர்ட்டுக்கு வருகிறார்கள்.