மழைச் சராசரி தப்பாக வருகிறதா? கம்பைலர் கொடிகளைப் பாருங்கள்

கடலூரின் வடகிழக்குப் பருவமழை அளவுகளுக்குச் சராசரி எடுக்கும் சி நிரல் ஒன்று. பதிவாகாத நாட்களில் நேன் (எண் அல்லாததைக் குறிக்கும் மதிப்பு) இருக்கும். இஸ்நேன் என்ற சோதனை அவற்றை விலக்கும். நிரலை இயங்கும் வடிவாக மாற்றும் கம்பைலருக்கு ஓ2 என்ற கொடி (அமைப்பு) கொடுத்தால் விடை சரி, இன்னும் வேகம் தேடும் ஓஃபாஸ்ட் போட்டதும் சராசரியே நேன். காரணம், ஓஃபாஸ்டோடு, வேகத்துக்காகக் கணக்கு விதிகளைத் தளர்த்தும் ஃபாஸ்ட்-மேத்தும் ஒட்டிக்கொண்டு வரும். நேன் வரவே வராது என்று கம்பைலர் நம்பி, சோதனையையே தூக்கிவிடும். எஃப்நோ-ஃபைனைட்-மேத்-ஒன்லி சேர்த்தால் இது தீரும். ஆனால் கூட்டல் வரிசை மாறுவது நிற்காது. கஹான் முறையில் (ஒவ்வொரு கூட்டலிலும் விடுபடும் சிறு பிழையைத் திருத்திக்கொண்டே போகும் முறை) கூட்டியிருந்தால் அதன் திருத்தப் பகுதி சுழியாகிவிடும். எங்கள் யோசனை: ஃபாஸ்ட்-மேத்தையே விட்டுவிடுங்கள்.

பிழையைத் தேடும்போது இடைவிடைகளை %ஏ வடிவில் (எண்ணின் எல்லா பிட்டையும் பதினாறடிமானத்தில் காட்டும்) அச்சிடுங்கள். வழக்கமான %எஃப் ஆறு தசம இடத்தோடு நின்றுவிடும், கடைசி பிட் வித்தியாசம் தெரியாது. பிறகு கோப்புகளில் பாதியை மட்டும் ஓ0-வில் (வேகப்படுத்தல் இல்லாமல்) தொகுத்துப் பாருங்கள். பாதி பாதியாகக் குறைத்தால் கோளாறுள்ள கோப்பு சிக்கும்.

ஃபாஸ்ட்-மேத் இல்லாமலே வித்தியாசமா? எஃப்எம்ஏ-வை, அதாவது பெருக்கிக் கூட்டுவதை ஒரே கட்டளையாகச் செய்வதைச் சந்தேகியுங்கள். ஏஆர்எம்64 வகைச் செயலிகளிலும், மார்ச்=நேட்டிவ் (இந்தக் கணினிக்கென்றே தொகு என்னும் கொடி) போட்ட புதிய இன்டெல் கணினிகளிலும் ஜிசிசி கம்பைலர் பெருக்கலையும் கழித்தலையும் ஒரே கட்டளையாக்கி, இடையில் இல்லாமல் கடைசியில் ஒருமுறைதான் தோராயமாக்கும். அதனால் அ, ஆ இரண்டும் சமமாக இருந்தும் அ×அ − ஆ×ஆ மிகச் சிறிய எதிர்ம எண்ணாகலாம். அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் மறுபடி நேன்தான். இதைக் கம்பைலர் பிழை என்று புகார் எழுதாதீர்கள், ஆவணத்தில் சொன்னபடிதான் நடக்கிறது. இப்படி இணைப்பதை நிறுத்தும் எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப் கொடுத்துத் தொகுத்து, %ஏ விடைகளை மறுபடி ஒப்பிடுங்கள்.