மென்பொருள் நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள், செய்ய விட்டுப் பாருங்கள்

கல்லூரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளின் கடைசி அத்தியாயம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயாரித்து வாட்ஸப் குரூப்பில் போடுவார்கள், கூடப் படிக்கிறவர்களும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளும் நிரப்பிக் கொடுப்பார்கள், "பெரும்பாலானோர் திருப்தி" என்று ஒரு வட்ட வரைபடம் வந்துவிடும். சின்ன சாஃப்ட்வேர் டீம்களும் இதைத்தான் செய்கின்றன, வரைபடம் மட்டும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். இதிலிருந்து மென்பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது. உங்கள் மேல் அவர்களுக்கு எவ்வளவு பிரியம் என்பது வேண்டுமானால் தெரியும்.

சும்மா சொல்லவில்லை. நிக்கோலா டெல், இந்திராணி மேதி, வில்லியம் தீஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பெங்களூரில் 450 பேரைப் பேட்டி கண்டு 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாத இரண்டு தொழில்நுட்பப் படைப்புகளைக் காட்டி, அதில் ஒன்று பேட்டி எடுப்பவர் உருவாக்கியது என்று நினைக்க வைத்தபோது, ஜனங்கள் அதையே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு கூடியது. பேட்டி எடுத்தவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் என்றால் ஐந்து மடங்கு. பார்த்தாலே மட்டம் என்று தெரிகிற மாதிரி தரத்தைக் குறைத்துக் காட்டியபோதும்கூட பேட்டி எடுத்தவருடையதைத்தான் கை காட்டினார்கள். வீடு தேடி வந்தவரிடம் முகத்துக்கு நேரே "இது சரியில்லை" என்று சொல்வதற்கு நம் ஊரில் யாருக்குத்தான் மனசு வரும்?

ஆகவே அபிப்பிராயம் கேட்பதைத் தள்ளி வைத்துவிட்டு, ஆளை உட்கார வைத்து, ஒரு வேலையைக் கொடுத்து, கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். யூசபிலிட்டி டெஸ்ட் (பயன்பாட்டு எளிமைச் சோதனை) என்பது அவ்வளவுதான். கண்ணாடித் தடுப்பு வைத்த ஆய்வுக்கூடம், கண் அசைவைப் பிடிக்கும் கருவி எதுவும் தேவையில்லை. உதாரணத்துக்கு ஒரு மருந்துக்கடை பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்வோம்.

ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் உங்கள் டீமிலேயே இரண்டு மூன்று பேர் தனித்தனியாக உட்கார்ந்து எல்லாத் திரைகளையும் ஒருமுறை சலித்துவிடுங்கள். யூசபிலிட்டி நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1994இல் ஒழுங்குபடுத்திய பத்து விதிகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும்: கணினி என்ன செய்துகொண்டிருக்கிறது என்று காட்டு, தப்பாக அழுத்தினால் திரும்பி வர வழி வை, ஒரே விஷயத்தை இரண்டு பெயரில் கூப்பிடாதே, இந்த ரகம். பட்டன் வேலை செய்யவில்லை, எழுத்து வெட்டுப்பட்டுத் தெரிகிறது போன்றவற்றை இதிலேயே முடித்துவிட வேண்டும். அதைக் கண்டுபிடிக்கக் கடைக்காரரின் அரைமணி நேரத்தை வாங்குவது அநியாயம்.

அப்புறம், யாரை உட்கார வைப்பது? ஐஎஸ்ஓ 9241-11 என்ற தரநிலை யூசபிலிட்டியைப் பொத்தாம்பொதுவாக வரையறுப்பதில்லை. இன்ன ஆட்கள், இன்ன நோக்கத்துக்காக, இன்ன சூழலில் பயன்படுத்தும்போது வேலை முடிகிறதா, எவ்வளவு செலவில் முடிகிறது, அவர்களுக்கு அது திருப்தியாக இருக்கிறதா என்று மூன்றையும் சேர்த்துத்தான் பேசுகிறது. மருந்துக்கடைக்கு அந்த "இன்ன ஆட்கள்" கவுன்ட்டரில் நின்று பில் போடுகிறவர்கள். முதலாளி இல்லை, ஐடியில் இருக்கும் உங்கள் ரூம்மேட்டும் இல்லை. சூழல் என்றால் சாயங்காலம் ஆறு மணி, நாலு பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிற கவுன்ட்டர். அந்த நெரிசலில் டெஸ்ட் வைக்க முடியாது, சரி, ஆனால் ஒருமுறையாவது அந்த நேரத்தில் கடை ஓரமாக நின்று பார்த்துவிட்டு வாருங்கள். டெஸ்ட்டை மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் கடையிலேயே, அவர்கள் வழக்கமாகத் தட்டுகிற கீபோர்டிலேயே வையுங்கள்.

கொடுக்கும் வேலையை எழுதுவதில்தான் பாதி சாமர்த்தியம். திரையில் உள்ள வார்த்தையை வேலையில் எழுதிவிட்டால் அது டெஸ்ட் இல்லை, வார்த்தை தேடும் விளையாட்டு. "சேல்ஸ் ரிட்டர்ன் மெனுவுக்குப் போய் ஒரு பதிவு போடுங்க" என்று சொன்னால் எல்லாரும் போட்டுவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்:

"ஒருத்தர் சீட்டோட வந்திருக்கார். காய்ச்சல் மாத்திரை 650 நாலு மட்டும் போதுமாம், கூட இருமல் டானிக் ஒரு பாட்டில். பில் போட்டுக் கொடுங்க."

"முந்தாநேத்து வாங்கிட்டுப் போன சர்க்கரை மாத்திரையை டாக்டர் மாத்திட்டாராம், பிரிக்காத அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்காங்க."

"அடுத்த மாசத்தோட எக்ஸ்பைரி ஆகப்போற சரக்கு என்னென்ன இருக்குன்னு முதலாளி கேக்குறார்."

இப்படி மூன்று நாலு போதும். ஆள் கொஞ்சம் கூச்ச சுபாவம் என்றால் கதையை இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். அபலா லாஹிரி சாவன் என்ற வடிவமைப்பாளர் இந்தியாவில் விமான டிக்கெட் தளம் ஒன்றைச் சோதித்தபோது, உங்கள் அக்கா மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை கூலிக்குக் கொலை செய்கிறவன், ஏற்கெனவே கல்யாணம் ஆனவன், அவன் மனைவியை அழைத்துக்கொண்டு நீங்கள் உடனே பெங்களூருக்குப் பறக்க வேண்டும் என்கிற ரேஞ்சில் ஒரு கதையைச் சொல்லித்தான் டிக்கெட் போடச் சொன்னார். பாலிவுட் முறை என்றே அதற்குப் பெயர். கதைக்குள் இறங்கிவிட்ட மனிதர் மரியாதையை மறந்து, தளத்தின் மேல் வருகிற எரிச்சலை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். மருந்துக்கடைக்கு அவ்வளவு மசாலா வேண்டாம், "குழந்தைக்குக் காய்ச்சல், அம்மா பதட்டமா நிக்கிறாங்க" என்பதே போதும்.

டெஸ்ட் நடத்துகிறவர் மென்பொருளின் கோடு (code) எழுதினவராக இருக்கக் கூடாது. எழுதினவர் பக்கத்தில் இருந்தால் இரண்டாவது நிமிடமே கை மவுசை நோக்கிப் போகும். முதலாளியையும் நாசூக்காக டீ குடிக்க அனுப்பிவிடுங்கள், அவர் பின்னால் நின்றால் பையன் தடுமாறுவதையே மறைக்கப் பார்ப்பான், அவரும் "அதான் அங்க இருக்கே, தெரியலையா" என்பார். ஆரம்பிக்கும்போது இவ்வளவு சொன்னால் போதும்: "அண்ணே, இது உங்களுக்கு வைக்கிற பரீட்சை இல்ல. சாஃப்ட்வேர் எங்கெங்க இடிக்குதுன்னு பாக்கத்தான் வந்திருக்கோம். எங்கயாவது மாட்டினா அது எங்க தப்பு. மனசுல ஓடுறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. எப்ப வேணா நிறுத்திக்கலாம்." ஃபோனை ஸ்டாண்டில் வைத்துத் திரையையும் கையையும் மட்டும் படம் பிடிக்கலாமா என்று கேட்டு, சரி என்றால் மட்டும் ஓட விடுங்கள். சீட்டு நீங்களே எழுதிய கற்பனைச் சீட்டாக இருக்கட்டும், நிஜ நோயாளியின் பெயரும் ஃபோன் நம்பரும் வீடியோவில் வரக் கூடாது.

அதற்கப்புறம் பேசக் கூடாது. இதுதான் கஷ்டம். அவர் திணறுவார், உங்களுக்கு நாக்கு துடிக்கும். "இதை அழுத்தட்டுமா?" என்று கேட்டால், "நான் இல்லன்னா என்ன பண்ணுவீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். அமைதியாகிவிட்டால் "இப்ப என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்ற ஒரு கேள்வி போதும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்வது சிலருக்குச் சுத்தமாக வராது, அவர்களை இரண்டு இரண்டு பேராக உட்கார வையுங்கள். பழைய ஆள் புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், பேச்சு தானாக வந்துவிடும். தையல் எந்திரம் எப்படித் தையல் போடுகிறது என்று ஜோடி ஜோடியாகப் பேசிப் புரிந்துகொள்வதை நவோமி மியாக்கே 1986இல் ஆராய்ந்தார். அதே உத்தி இங்கேயும் பலிக்கும்.

என்ன மாதிரி விஷயம் சிக்கும் என்று ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். லூஸ் மாத்திரை பில். 15 மாத்திரை அட்டை, விலை 30 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டர் ஆள் அளவு என்ற கட்டத்தில் 4 என்று போடுகிறார், மென்பொருள் அதை நாலு அட்டையாக எடுத்துக்கொண்டு 120 ரூபாய் காட்டுகிறது. அவர் ஒரு வினாடி நிற்கிறார், திரையில் பின்னால் போகிறார், டிராயரைத் திறந்து கால்குலேட்டரை எடுக்கிறார், நாலை 15ஆல் வகுக்கிறார், 0.27 என்று தட்டுகிறார். 8 ரூபாய் 10 காசு. முகத்தில் ஒரு சலனமும் இல்லை, அடுத்தது டானிக். கேட்டால் "நல்லாத்தான் சார் இருக்கு, ஈஸி" என்பார், மனதார! ஆனால் ஸ்டாக்கில் மிச்சம் 0.73 அட்டை, அதாவது 10.95 மாத்திரை. டப்பாவில் இருப்பதோ 11. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை பில் போகும் என்று யோசித்துப் பாருங்கள், வருஷக் கடைசியில் சரக்குக் கணக்கு ஏன் இடிக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வது முதலாளி. கூகுள் ஃபார்ம் எந்தக் காலத்திலும் அந்தக் கால்குலேட்டரைக் காட்டியிருக்காது.

தடுமாறி, திட்டி, கேட்டு முடிக்கிற வேலையைவிட, சரியாக முடித்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டு தப்பாக முடிக்கிற வேலைதான் ஆபத்து. இதற்குப் பிரபலமான உதாரணம் அல்மா விட்டனும் ஜே.டி. டைகரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு. அஞ்சலைப் பூட்டி அனுப்பும் பிஜிபி 5.0 மென்பொருளை 12 பேரிடம் கொடுத்து, 90 நிமிடம் நேரமும் கொடுத்தார்கள். அதில் மூன்று பேர் ரகசியத்தைப் பூட்டாமலே தெரியாத்தனமாக அனுப்பிவிட்டார்கள். திரை பார்க்க என்னவோ அழகாகத்தான் இருந்தது.

குறிப்பு எடுக்கும்போது நடந்ததை மட்டும் எழுதுங்கள். "குழம்பினார்" என்பது உங்கள் ஊகம். "ரிட்டர்ன் தேடி மூன்று மெனுவைத் திறந்து மூடினார், 'இது கம்பெனிக்கு அனுப்புறதுல்ல?' என்றார்" என்பது குறிப்பு. பார்க்கிறவர்கள் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், இருவரும் தனித்தனியாகப் பட்டியல் போட்டபின்தான் ஒப்பிட வேண்டும். ஏனென்றால் ஒரே வீடியோவைப் பார்க்கிற இரண்டு பேருக்கு ஒரே பிரச்சினைகள் கண்ணில் படுவதில்லை. ரோல்ஃப் மோலிக் 1990களின் கடைசியில் ஒன்பது குழுக்களிடம் ஹாட்மெயிலைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார். மொத்தம் 310 பிரச்சினைகள் வந்தன, அதில் முக்கால்வாசி ஒரே ஒரு குழுவின் கண்ணில் மட்டும் பட்டவை. அந்தக் குழுக்களில் பெரும்பாலானவை அனுபவசாலிகள்தான்.

எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்வி கட்டாயம் வரும், கைடும் கேட்பார். ஐந்து பேர் என்ற பதில் எல்லா இடத்திலும் கிடைக்கும். நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் போட்ட கணக்கு அது: ஒருவர் சராசரியாக 31 சதவீதப் பிரச்சினைகளை வெளிக்கொண்டுவந்தால், ஐந்து பேர் கிட்டத்தட்ட 85 சதவீதத்தைக் கொண்டுவருவார்கள். சராசரிக்கு அது சரி. ஆனால் லாரா ஃபாக்னர் 2003இல் 60 பேரைச் சோதித்து, அவர்களிலிருந்து ஐந்து ஐந்து பேராகப் பொறுக்கிப் பார்த்தபோது ஒரு கூட்டம் 99 சதவீதத்தைப் பிடித்தது, இன்னொரு கூட்டம் 55ஐத்தான் பிடித்தது. உங்களுக்கு எந்த ஐந்து பேர் வாய்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும். அதனால் ஐந்து பேரோடு கடையை மூடாமல், ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர் என்று போவதே புத்திசாலித்தனம். ஐந்து பேரை வைத்துச் சதவீதம் மட்டும் எழுதிவிடாதீர்கள். ஐந்துக்கு ஐந்து பேரும் முடித்திருந்தாலும், 95 சதவீத நம்பிக்கை இடைவெளியின் கீழ் எல்லை 48 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது, அதாவது நிஜ வெற்றி விகிதம் பாதி அளவுக்குக்கூட இருக்கலாம். "100 சதவீத வெற்றி" என்று எழுதினால் வைவாவில் புள்ளியியல் தெரிந்த ஒருவர் போதும் உங்களைக் கவிழ்க்க.

நேரத்தை அளக்க வேண்டுமென்றால் வாய்விட்டுச் சொல்லச் சொல்லாதீர்கள், பேசிக்கொண்டே செய்கிற வேலையின் நேரத்துக்கு அர்த்தமில்லை. உதவியில்லாமல் முடித்தார், உதவியோடு முடித்தார், முடிக்கவில்லை, முடித்ததாக நினைத்தார் என்று நாலு கட்டம் போட்டுக்கொண்டால் முதல் சுற்றுக்குத் தாராளம்.

எண் ஒன்று கட்டாயம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு எஸ்யூஎஸ் (System Usability Scale) என்ற கேள்வித்தாள் இருக்கிறது. ஜான் புரூக் 1986இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் இருந்தபோது உருவாக்கியது, பத்து வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 (ஒத்துக்கொள்ளவே மாட்டேன்) முதல் 5 (முழுக்க ஒத்துக்கொள்கிறேன்) வரை. ஒற்றைப்படை வாக்கியங்களில் கிடைத்த எண்ணிலிருந்து 1ஐக் கழியுங்கள், இரட்டைப்படையில் 5இலிருந்து கிடைத்த எண்ணைக் கழியுங்கள், எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்குங்கள். கூட்டுத்தொகை 30 வந்தால் மதிப்பெண் 75. அது சதவீதம் இல்லை, சராசரி மென்பொருள் 68ஐ ஒட்டி வரும், அதை வைத்துத்தான் 75ஐப் பார்க்க வேண்டும். வாக்கியங்கள் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறையாக இருக்கும், அதைக் கவனிக்காமல் படபடவென்று ஒரே வரிசையில் டிக் அடித்துவிடுவார்கள். தாளைக் கையில் கொடுக்காமல் நீங்களே நிதானமாக வாசித்துக் கேளுங்கள். பெங்களூர் ஆய்வு சொன்ன அதே முகதாட்சணியம் இதிலும் உண்டு, ஆகவே இந்த எண்ணை மட்டும் தனியாகத் தூக்கிக் காட்டாதீர்கள்.

பட்டியல் கையில் வந்ததும் எல்லாவற்றையும் திருத்த முடியாது. எத்தனை பேர் மாட்டினார்கள், மாட்டினால் எவ்வளவு நஷ்டம், ஒருமுறை பழகினால் சரியாகிவிடுமா என்ற மூன்றையும் பார்த்து வரிசைப்படுத்துங்கள். என் கணக்கில் பணமோ மருந்தோ மாறுகிற எதுவும் முதலில், ஒரே ஒருவருக்கு நடந்திருந்தாலும். ரிட்டர்ன் மெனுவைத் தேடி அலைந்தது இரண்டாவது, ஐந்து பேரும் அலைந்திருந்தாலும். ரிப்போர்ட் இரண்டு பக்கம் போதும், அதைவிட கால்குலேட்டர் எடுக்கிற அந்த அரை நிமிட வீடியோவைக் கோடு எழுதினவருக்குப் போட்டுக் காட்டுங்கள், வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

திருத்தியபிறகு மறுபடி சோதிக்கும்போது பழைய ஆட்களைக் கூப்பிடாதீர்கள், குழி எங்கே என்று அவர்களுக்குத் தெரியும். புது ஆட்களிடம் அதே வேலைகளைக் கொடுங்கள். அளவுக் கட்டத்துக்குப் பக்கத்தில் அட்டை, மாத்திரை என்று இரண்டு பட்டன் வைத்துவிட்டீர்கள் என்றால் இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: முதல் மருந்துக்கு மாத்திரையைத் தேர்ந்தவர், அடுத்த மருந்தை முழு அட்டையாகக் கொடுக்கும்போது பட்டனை மாற்றுகிறாரா, இல்லை ஒரு அட்டைக்குப் பதில் ஒரு மாத்திரைக்கு பில் போட்டு அனுப்பிவிடுகிறாரா என்று.